மை வைத்த இடம்

மை வைக்கிற பிள்ளை
என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இருபத்திரண்டு வருஷத்து அண்டிக்கறை.
வெளுப்பாய் ஓரிடம் அகப்படவில்லை அவளுக்கு.
வேற விரல் இல்லையா அக்கா?
பத்தும் இப்படித்தான் மக்களே,
எங்கேயாவது வை.
ஒரு ஓட்டுக்கே ஒன்றரை மைல் நடந்தாச்சு,
ரெண்டாவதுக்கு எவள் வருவாள்?

எண்ணி முடித்த மூன்றாம் நாள்
ரசலையன் வந்தார்.
எங்கள் பூத்தில் வக்கீலுக்கு ஏஜெண்ட்.
சாயா வேண்டாம் என்றார். வைத்ததும் குடித்தார்.
நாற்பத்தியொன்று, என்றார்.
அறுநூற்றிப் பன்னிரண்டில் நாற்பத்தியொன்று.
படித்த மனுஷன், ஒரு ரூபாய் தின்னாதவர்,
அவரை விட்டுவிட்டு
கருங்கலுக்கு ஏரோப்பிளேன் கொண்டு வருவேன் என்கிறவனுக்கு...
என்னத்துக்கு ஜெயசீலி?

மரச்சீனித் தோலை உரித்துக்கொண்டே
நானும் யோசித்தேன், என்னத்துக்கு.

வக்கீல் திருடவில்லை. அது சத்தியம்.
ஆறே முக்கால் பஸ்ஸை நிறுத்தியபிறகு
இருட்டோடு நடக்கிற நூற்றிருபது பேர்
பதினான்கு மனு கொடுத்தோம்.
பதினான்குக்கும் பதில் வந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.
பரிசீலனையில் உள்ளது.
நல்ல தடித்த தாள்.
மகள் ரேஷன் கார்டுக்கு அட்டை போட்டிருக்கிறாள்.

ஒருமுறை அண்டியாபீசுக்கே வந்தார்.
மூக்கில் கைக்குட்டை. குற்றமில்லை,
வறுக்கிற புகை அப்படி.
முதலாளியோடு நின்று பேசினார்,
வியட்நாம் என்றார், இறக்குமதித் தீர்வை என்றார்,
எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்.
உண்மை எங்கள் தலைக்கு மேலே
ஒரு முழம் உயரத்தில் போனது.
நாங்கள் குந்தியிருந்தோம்.

பிறகு வந்தான் டெல்பின்.
வந்த வரத்தில் சுகந்தி பக்கத்தில் சம்மணம் போட்டான்.
கொட்டுவடியை வாங்கி ஒரு அண்டி தல்லினான்.
பருப்பு பொடிந்து போனது.
இதுக்கு முதலாளி எனக்குக் கூலி பிடிப்பாரா, என்றான்.
அந்த ஷெட்டில் அப்படியொரு சிரிப்பை
நான் கேட்டதில்லை.
ஏரோப்பிளேன் கதை அதற்குப் பின்தான்.
அதற்கும் சிரித்தோம்.
சிரித்து ஓய்ந்த பிறகும்
அவன் எழுந்து போகாமல் இருந்தான்.

பொய் என்று தெரியாமலா, ரசலையண்ணே?
பூச்சி விழுந்த பருப்பை
கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற கை இது.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
டெல்பினின் கையில் விளக்கெண்ணெய் மினுங்கியது.
காரிலிருந்து இறங்குமுன்பே பூசியிருக்கிறான்.
போட்டோ முடிந்ததும் துடைத்தான்,
துணியோடு போய்விட்டது கறை.
இரண்டடி தள்ளி இருந்து பார்த்தேன்.
பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன்
அவன் பொத்தானை.

அண்டி தல்லினால் கை என்ன ஆகுமென்று
எவளிடமோ
அவன் கேட்டிருக்க வேண்டும்.
கேட்காமல் எண்ணெய் வராது.
ஏமாற்றுவதற்காவது எங்களைப் பற்றி
ஒரு சங்கதி தெரிய வேண்டியிருந்தது அவனுக்கு.
வக்கீலுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

இது ஒரு காரணமா என்றால்
எனக்கே தெரியவில்லை.
பஸ் இன்னும் வரவில்லை.
நேற்று ஊர்வல ஜீப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது,
ஓடைப் பக்கம் ஒதுங்கினோம்.
கும்பிட்டுக்கொண்டே போனான்.
சுகந்தியைப் பார்த்து, சுகமா சுகுமாரி, என்றான்.
அவளும் சுகம் என்றாள்.

கிளம்பும்போது ரசலையன்
என் இடதுகையைப் பிடித்துப் பார்த்தார்.
மை எங்கே வைத்தார்கள் உனக்கு?

இங்கேதான்
எங்கேயோ.